மூன்று மாதம் என்றார்கள்

26 நவம்பர் 2024

பாட்டியின் இரும்புப் பெட்டியை இன்று ஒழித்தோம். அடியில் மடித்துவைத்த பழைய ஜாக்கெட் துணிக்குள் ஒரு பத்து வெள்ளி நோட்டு. வாழைமரம், குலை, பக்கத்தில் தென்னை, தலைப்பில் ஜப்பானிய அரசாங்கம் என்று ஆங்கிலத்தில். 'எம்' என்று தொடங்கும் எழுத்துகள் மட்டும் இருக்கின்றன, வரிசை எண்ணே இல்லை. ஜப்பான்காரன் மலாயாவைப் பிடித்து ஆண்ட காலத்து வாழைமர நோட்டு இதுதான் என்று அம்மா சொன்னார். தாத்தாவின் தம்பி சயாமுக்கு (இன்றைய தாய்லாந்து) போகும்போது கொடுத்துவிட்டுப் போனதாம்.

சயாமிலிருந்து பர்மாவுக்கு ஜப்பான்காரன் ஆட்களைச் சாகடித்துப் போட்ட ரயில் பாதை, அந்தச் சயாம் மரண ரயில் கதை எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். ஆனால் ஜப்பான்காரன் எதற்காக இவ்வளவு தூரம் வந்தான் என்று கேட்டால், நாட்டைப் பிடிக்க வந்தான் என்பதோடு பேச்சு நின்றுவிடும். எனக்கு அது போதவில்லை. படிக்கத் தொடங்குகிறேன், படிப்பதை இங்கேயே எழுதுகிறேன்.

27 நவம்பர்

1941-இல் ஜப்பான் தாக்கிய அமெரிக்கக் கடற்படைத் தளமான பேர்ல் துறைமுகத்தில் தொடங்கினால் ஒன்றும் புரியாது, சீனாவின் வடகிழக்கில் இருக்கும் மஞ்சூரியாவுக்குப் போக வேண்டும். 1905-இல் ரஷ்யாவை ஜெயித்த ஜப்பானுக்குத் தென் மஞ்சூரியாவின் ரயில் பாதை கிடைத்தது, அதைக் காவல் காக்க நிறுத்திய படைதான் பிறகு குவான்துங் ராணுவம் ஆனது. 1931 செப்டம்பர் 18 இரவு, முக்தென் நகருக்கு வெளியே அந்தப் படையின் அதிகாரிகளே தண்டவாளத்தில் வெடிவைத்துவிட்டுப் பழியைச் சீனர்கள்மேல் போட்டார்கள். சேதம் எவ்வளவு சின்னது என்றால், கொஞ்ச நேரத்தில் அதே பாதையில் வந்த ரயில் நிற்காமல் கடந்து முக்தென் போய்ச் சேர்ந்துவிட்டது. அதைக் காரணம் காட்டித்தான் மஞ்சூரியா முழுவதையும் பிடித்தார்கள்.

இதைத் திட்டம் போட்டவர்கள் இஷிவாரா கான்ஜி, இதகாகி செய்ஷிரோ என்ற இரண்டு அதிகாரிகள். தோக்கியோ அரசு சண்டையைப் பெரிதாக்காதே என்றது, ஆனால் கொரியாவில் இருந்த ஜப்பானியப் படை பேரரசரின் உத்தரவு வருவதற்கு முன்பே எல்லையைத் தாண்டிவிட்டது, அப்புறம் அமைச்சரவை உட்கார்ந்து அதற்கான செலவுக்கு ஒப்புதல் கொடுத்தது. எனக்கு நெஞ்சு அடைத்த இடம் இது. வெடிவைத்த இருவருக்கும் தண்டனை இல்லை, பதவி உயர்வுதான் கிடைத்தது. அடுத்த மே மாதம் பிரதமர் இனுகாய் சுயோஷியை இளம் கடற்படை அதிகாரிகள் அவர் வீட்டிலேயே சுட்டுக் கொன்றார்கள், அதற்குப் பிறகு எந்த அரசியல்வாதி துணிந்து பேசுவார்?

அந்தக் காலத்தில் ஜப்பானில் ஒரு பேச்சு உண்டு: மஞ்சூரியா ஒரு லட்சம் பேரின் உயிரும் 200 கோடி யென்னும் கொடுத்து வாங்கியது, விடக்கூடாது. ரஷ்யப் போரில் செத்தவர்களின் கணக்கு அது.

30 நவம்பர்

1937 ஜூலை 7, பெய்ஜிங் பக்கத்தில் மார்கோ போலோ பாலம். இரவுப் பயிற்சியில் ஒரு ஜப்பானியச் சிப்பாயைக் காணவில்லை. கொஞ்ச நேரத்தில் அவர் திரும்பி வந்துவிட்டார், ஆனால் சண்டை நிற்கவில்லை. அப்போது தலைமையகத்தில் இருந்த இஷிவாரா, சீனாவுக்குள் இறங்கினால் சிக்கிக்கொள்வோம் என்று தடுத்துப் பார்த்தார். யாரும் கேட்கவில்லை, உத்தரவை மீறலாம் என்று 1931-இல் கற்றுக்கொடுத்தவரே அவர்தானே. போர் அமைச்சர் சுகியாமா ஒரே மாதத்தில் முடித்துவிடலாம் என்று பேரரசரிடம் சொன்னார். டிசம்பரில் நான்ஜிங் விழுந்தது, அங்கே நடந்த கொலைகளையும் பலாத்காரங்களையும் படித்த பிறகு நேற்று எழுத முடியவில்லை. தலைநகர் விழுந்தும் சீனா பணியவில்லை. 1938 ஜனவரியில் ஜப்பான் பிரதமர் கோனோயே, சீனாவின் சியாங் கை-ஷேக் அரசோடு இனிப் பேசவே மாட்டோம் என்று அறிவித்தார். சரி, பேசாமல் போரை எப்படி முடிப்பது?

1 டிசம்பர்

இன்று முழுக்க எண்ணெய்க் கணக்கு. சீனப் போருக்கு வேண்டிய பெட்ரோலியத்தில் பெரும்பங்கு, ஏறத்தாழ 80 சதவீதம், அமெரிக்காவிலிருந்துதான் வந்தது. 1940 செப்டம்பரில் பிரெஞ்சுக்காரர்களிடம் இருந்த இந்தோசீனாவின் (வியட்நாம் பக்கம்) வடபகுதிக்குள் நுழைந்தார்கள், அதே மாதம் ஜெர்மனி, இத்தாலியோடு ஒப்பந்தம். 1941 ஜூலையில் தென் இந்தோசீனா. உடனே அமெரிக்கா ஜப்பானின் சொத்துகளை முடக்கியது, எண்ணெயும் நின்றது. கையிருப்பு இரண்டு வருடத்துக்குக்கூட வராது என்ற நிலை. இரண்டே வழி: ஒன்று சீனாவிலிருந்து படையைத் திரும்ப அழைப்பது, இல்லையென்றால் டச்சுக்காரர்களின் சுமத்ரா, போர்னியோ எண்ணெய்க் கிணறுகளைப் பிடிப்பது.

அக்டோபர் 14 அமைச்சரவைக் கூட்டத்தில் அப்போதைய போர் அமைச்சர் தோஜோ படையைத் திரும்ப அழைக்கவே கூடாது என்று நின்றார். அவர் முன்வைத்தது சீனாவில் செத்த லட்சக்கணக்கானவர்களையும் அவர்கள் குடும்பங்களையும். 1931-இல் கேட்ட அதே வாதம், ஆள் எண்ணிக்கைதான் கூடியிருக்கிறது. செத்தவர்கள் வீணாகச் செத்தார்கள் என்று ஒத்துக்கொள்ள முடியாமல் இன்னும் ஆட்களைச் சாகவிட்டார்கள் என்பதைத்தான் இந்த ஐந்து நாளில் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். இரண்டு நாளில் கோனோயே பதவி விலகினார், தோஜோ பிரதமரானார்.

4 டிசம்பர்

வேலை அதிகம். ஒன்று மட்டும். 1941 ஆகஸ்டில் அரசே அமைத்த மொத்தப் போர் ஆய்வு நிறுவனத்தின் இளம் அதிகாரிகள் எண்ணெய், கப்பல், எஃகு எல்லாவற்றையும் கணக்குப் போட்டு, அமெரிக்காவோடு மோதினால் ஜப்பான் தோற்கும் என்று சொல்லிவிட்டார்கள். அதைத் தோஜோ நேரில் கேட்டார். ஆக, தெரியாமல் போகவில்லை.

8 டிசம்பர், ஞாயிறு

1941-இல் இதே தேதி, நள்ளிரவு தாண்டியதும் மலாயாவின் கோத்தா பாரு கடற்கரையில் ஜப்பானியப் படை இறங்கியது. பேர்ல் துறைமுகத்தில் முதல் குண்டு விழ இன்னும் ஒரு மணி நேரத்துக்கு மேல் இருந்தது. எழுபதே நாளில் சிங்கப்பூர் விழுந்தது, சுமத்ராவின் பாலெம்பாங் எண்ணெயும் கைக்கு வந்தது. ஆனால் அதை ஊருக்குக் கொண்டுபோகக் கப்பல் வேண்டுமே, எதிரியின் நீர்மூழ்கிகள் அவற்றை ஒவ்வொன்றாக மூழ்கடித்தன. பர்மாவில் இருந்த படைக்குக் கடல் வழியாகச் சாமான் அனுப்புவதும் ஆபத்தானது. அதனால்தான் காட்டையும் மலையையும் வெட்டி 415 கிலோமீட்டருக்கு அந்த மரண ரயில் பாதை.

இதெல்லாம் தொடங்குவதற்கு முன், 1941 செப்டம்பர் 5 அன்று, அப்போது தரைப்படைத் தலைமைத் தளபதியாக இருந்த சுகியாமாவைப் பேரரசர் கேட்டாராம், தெற்குப் போர் எத்தனை நாளில் முடியும் என்று. மூன்று மாதம் என்றார். சீனாவை ஒரு மாதம் என்றீர்கள், நான்கு வருடமாகிறதே என்றதற்கு, சீனா உள்ளே பரந்து கிடக்கிறது என்றார். பசிபிக் அதைவிடப் பரந்தது இல்லையா என்று பேரரசர் திருப்பிக் கேட்டார். சுகியாமா தலை குனிந்தார். போர் நிற்கவில்லை.

சாயங்காலம் இதை அம்மாவிடம் படித்துக் காட்டினேன். நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார். 1943-இல் தோட்டத்தில் ஆள் எடுத்தபோதும் ஒரு நாளைக்கு ஒரு வெள்ளி, மூன்று மாத வேலை என்றுதான் சொன்னார்களாம். சின்னத் தாத்தா அதை நம்பித்தான் பாட்டியிடம் நோட்டைக் கொடுத்தார், வந்து வாங்கிக்கொள்கிறேன் அண்ணி என்று.