கனவை எண்ணி வாசிப்பது

ஜனவரி 9, டிரெஸ்டன், ஜெர்மனி

மூன்றாம் மாடி அம்மா ஒருவழியாகச் சம்மதித்துவிட்டார். பிப்ரவரி கடைசியில், அவர் வீட்டுக் கூடத்தில், நாற்காலி கொள்ளும் அளவு ஆட்களுக்கு ஓர் இசை நிகழ்ச்சி, நான் கிளாரினெட், அவர் பியானோ, அவ்வளவுதான். அவர் பள்ளிக்கூடத்தில் இசை சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். நான் பகலெல்லாம் சிப் தொழிற்சாலையில் இருந்துவிட்டு ராத்திரி எட்டுக்குள் ஊதி முடிக்க வேண்டிய ஆள், எங்கள் கட்டடத்து விதி அப்படி.

எதைச் சுற்றி நிகழ்ச்சி என்று கேட்டார். கனவு என்றேன். முகம் சுளித்தார். "கனவு என்று சொன்னால் போதும், பியானோக்காரர் பெடலிலிருந்து காலை எடுக்கவே மாட்டார், கிளாரினெட்காரர் தாளத்தைத் தொலைத்துவிடுவார். அதற்கு நான் வரவில்லை." சரி, எண்ணித்தான் வாசிப்போம் என்றேன். அந்த நிபந்தனையில்தான் சம்மதம்.

மூன்று இசையமைப்பாளர்கள், வரிசை இப்படி: பிரான்ஸின் டெபுஸி எழுதிய முதல் ராப்சடி, வியன்னாவின் ஆல்பன் பெர்க் எழுதிய நான்கு துண்டுகள், கடைசியில் ஜெர்மனியின் ஷூமான் எழுதிய ஃபான்டசி துண்டுகள், ஓபஸ் 73 (ஓபஸ் என்பது படைப்பு எண்). ஷூமான் அதை எழுதியது இதே ஊரில்தான். அதை விட்டுவிட்டு டிரெஸ்டனில் இப்படி ஒரு நிகழ்ச்சி நடத்தினால் நன்றாக இருக்காது.

ஜனவரி 12

டெபுஸி. பக்கத்தின் தலையிலேயே கனவில் இருப்பது போல, மெதுவாக என்று பிரெஞ்சில் எழுதி வைத்திருக்கிறார். அதைப் பார்த்து ஏமாறக்கூடாது, ஏனென்றால் இது ஒரு பரீட்சை வினாத்தாள். 1909இல் பாரிஸ் இசைப்பள்ளியின் இயக்குநராக இருந்த ஃபோரே, டெபுஸியைப் பள்ளியின் ஆலோசனைக் குழுவில் சேர்த்தார். 1910 கோடைக்காலப் பரீட்சையில் கிளாரினெட் மாணவர்கள் வாசிக்க ஒரு துண்டு தேவைப்பட்டது. அதற்காக 1909 டிசம்பரிலும் அடுத்த ஜனவரியிலுமாக உட்கார்ந்து எழுதியதுதான் இது. பார்த்தவுடன் வாசிக்கும் பரீட்சைக்கென்று ஒரு குட்டித் துண்டும் தனியாக எழுதிக்கொடுத்தார். ராப்சடியைப் பள்ளியின் கிளாரினெட் பேராசிரியர் மிமாருக்குக் காணிக்கையாக்கினார், 1911 ஜனவரியில் அவரே மேடையில் வாசித்தார், அதே வருடம் டெபுஸி அதை முழு இசைக்குழுவுக்கும் விரித்து எழுதினார்.

ஆக, உலகத்தில் கிளாரினெட்டுக்கு எழுதப்பட்ட மிகக் கனவான எட்டு நிமிடம், மாணவனின் மூச்சு எங்கே உடைகிறது, விரல் எங்கே தடுக்குகிறது என்று பிடிப்பதற்காகப் போட்ட கேள்வி. எனக்கு இது ரொம்பப் பிடித்திருக்கிறது.

முதல் கேள்வியே கடினமானது. பியானோ மிக மெல்லத் தொடங்கும், அதற்குள்ளிருந்து கிளாரினெட் எப்போது வந்தது என்று தெரியாமல் வர வேண்டும். மற்ற மரக்குழல்களைவிட இது கிளாரினெட்டுக்குத்தான் நன்றாக முடியும், நாக்கால் தட்டாமல் மூச்சை மட்டும் விட்டால் சத்தம் இல்லாத இடத்திலிருந்தே சுரம் கிளம்பும். ஓபோவில் இதைச் செய்வது பெரும்பாடு. ஆனால் மூச்சைக் குறைத்தால் சுருதி ஏறும், புல்லாங்குழலுக்கு நேர் எதிர். அதனால் கேட்பவருக்கு மிதப்பது போல இருக்கிற அந்த ஐந்து நொடியில் நான் உதட்டைத் தளர்த்தி, வயிற்றை இறுக்கி, பியானோவின் சுருதியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பேன். மிதப்பதெல்லாம் அவர்கள் பாடு.

ஜனவரி 16

நேற்று கோர்லிட்ஸ் போய் வந்தேன், இங்கிருந்து கிழக்கே ரயிலில் ஒன்றரை மணி நேரம். நைஸெ ஆற்றுப் பாலத்தைத் தாண்டினால் போலந்து, ஊர் பெயர் ஸ்கோஷெலெட்ஸ். அதன் தெற்கு ஓரத்தில்தான் இரண்டாம் உலகப் போரின் சிறை முகாம், ஸ்டாலாக் 8 ஏ, இருந்தது. 1941 ஜனவரி 15 அன்று, அங்கே கைதியாக இருந்த பிரெஞ்சு இசையமைப்பாளர் மெஸ்யானின் 'காலத்தின் முடிவுக்கான நால்வர் இசை' முதன்முதலில் வாசிக்கப்பட்டது. இப்போது ஒவ்வொரு வருடமும் அதே தேதியில் அங்கேயே வாசிக்கிறார்கள்.

எங்கள் நிகழ்ச்சியில் இது இல்லை, வயலினும் செல்லோவும் வேண்டும். ஆனால் கனவு, கிளாரினெட், பியானோ மூன்றும் சேரும் இடம் என்றால் இதைத் தாண்டிப் போக முடியாது. முகாமில் பட்டினியால் தனக்கு நிறம் நிறமாகக் கனவு வந்தது என்று மெஸ்யான் பிற்பாடு சொன்னார், ஏழாவது பகுதியின் முன்குறிப்பிலும் கனவில் கேட்ட ராகக் கோவைகளையும் நிறங்களையும் பற்றி எழுதியிருக்கிறார். மனிதர் விழித்திருக்கும்போதும் ஒலியை நிறமாகவே உணர்ந்தவர்.

அதே மனிதர் ஐயாயிரம் பேர் கேட்டார்கள் என்றும், செல்லோவில் மூன்றே தந்திதான் இருந்தது என்றும் வாழ்நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். செல்லோ வாசித்த பஸ்கியே என்பவர், இல்லை, நான்கு தந்தியும் இருந்தது என்று மறுத்துவிட்டார். அவர்கள் வாசித்த முகாம் குடிசையிலும் சில நூறு பேருக்கு மேல் கொள்ளாது. நினைவும் கனவைப் போலத்தான் பெருக்கிக்கொள்ளும் போல. இசையில் மட்டும் அவர் எதையும் பெருக்கவில்லை, ஒவ்வொரு சுரத்தின் நீளமும் கணக்கு, அந்தத் தாளங்களில் சிலவற்றை அவர் எடுத்தது நம் பழைய வடமொழி இசை நூலான சங்கீத ரத்னாகரத்தின் தாளப் பட்டியலிலிருந்து.

மூன்றாவது பகுதி கிளாரினெட் மட்டும் தனியாக. ஆன்ரி அகோக்கா என்ற கைதிக்காக எழுதியது. ஒரே சுரத்தைக் கேட்கவே கேட்காத இடத்தில் ஆரம்பித்து, ஒரே மூச்சில், காதைப் பொத்திக்கொள்ளும் அளவுக்குப் பெருக்க வேண்டும். நேற்று வாசித்த இளைஞர் அதைச் செய்தபோது எனக்கு முன்னால் இருந்தவர் நிஜமாகவே பின்னால் சாய்ந்தார்.

கடைசி ரயிலைப் பிடிக்க ஓடியதில் கையுறை ஒன்று போச்சு.

ஜனவரி 25

பெர்க். 1913, வியன்னா. நான்கு துண்டும் சேர்ந்து டெபுஸியின் ஒரு துண்டு அளவுகூட வராது, இரண்டாவது துண்டு மொத்தமே 9 பார், அதாவது ஒன்பது தாளக் கட்டம்.

கனவு என்ற தலைப்பில் இதை ஏன் சேர்த்தாய் என்று அம்மா விடவில்லை. மனநல மருத்துவர் ஃபிராய்டின் கனவு நூல் அதே ஊரில் 1899 நவம்பரில் வந்தது, பதிப்பகம் அட்டையில் 1900 என்று போட்டது, அதை வைத்து பெர்க்கோடு முடிச்சுப் போடுகிறவர்கள் உண்டு. எனக்கு அது பிடிக்காது. பெர்க் எங்கேயும் இந்தத் துண்டுகளுக்குக் கனவு என்று பெயர் வைக்கவில்லை. நான் சேர்த்த காரணம் வேறு: கனவுக்கு முன்கதை கிடையாது, ஏதோ ஒன்று நடந்துகொண்டிருக்கும்போது நாம் உள்ளே இருக்கிறோம், காரணம் சொல்லாமல் அது நின்றுவிடுகிறது. பெர்க்கின் துண்டுகள் அப்படி நடக்கின்றன. இரண்டாவதில் பியானோவின் இடது கை ஸட்ஜமும் அந்தர காந்தாரமும் இருக்கிற தூரத்தில் இரண்டு சுரங்களை மெல்லத் திரும்பத் திரும்பத் தட்டுகிறது, கேட்டால் ஏதோ பாட்டு வரப்போகிறது என்று தோன்றும், வராது.

"சரி, இதை ஒத்துக்கொள்கிறேன்," என்றார். ஆனால் உடனே தாளம் தட்டும் கருவியான மெட்ரோனோமை எடுத்து வைத்தார். ஏனென்றால் பெர்க்கின் ஏட்டில் ஏறக்குறைய ஒவ்வொரு பாருக்கும் ஒரு கட்டளை இருக்கிறது: இங்கே கொஞ்சம் இழு, இங்கே பழைய வேகம், இங்கே எதிரொலி போல ஊது, இங்கே நாக்கை உருட்டி உறும விடு. கனவைப் பற்றி இவ்வளவு கறாராக எழுதியவர் வேறு யாரும் எனக்குத் தெரியாது. ஒன்றைக்கூட விட்டால் வெறும் புகைமூட்டம்தான் மிஞ்சும்.

பிப்ரவரி 4

ஹீட்டரால் அறையில் ஈரப்பதமே இல்லை. பெட்டியில் நன்றாக இருந்த ரீடுகள், கிளாரினெட் வாயில் அதிரும் நாணல் சீவல்கள், ஒன்றொன்றாக வளைந்துவிட்டன. வாடகைக்கு எடுத்த ஏ கிளாரினெட் வந்து சேர்ந்தது, ஷூமானுக்கு அது வேண்டும், டெபுஸிக்கும் பெர்க்குக்கும் பி ஃபிளாட். பார்க்க இரண்டும் ஒன்றுதான், ஏ கொஞ்சம் நீளம், அரைச் சுரம் கீழே, குரல் இன்னும் கருப்பு. ஜெர்மன் கிளாரினெட்டின் விரல் அமைப்பே வேறு என்பதால் நம்முடைய பிரெஞ்சு அமைப்பில் ஒன்றைத் தேடிப் பிடிப்பதே பெரிய வேலையாகப் போய்விட்டது.

ராத்திரி அப்பாவிடம் பேசும்போது, கிளாரினெட்டில் கர்நாடக இசை வாசிக்கும் ஏ.கே.சி. நடராஜன் கச்சேரியைக் காதில் போட்டார். பத்மஸ்ரீ 2022இல்தான் கொடுத்தார்கள் அவருக்கு. இதே குழலில் ஒரு சுரத்திலிருந்து அடுத்ததற்கு அவர் வழுக்கிப் போகிற வழியை இங்கே எந்தப் பயிற்சி நூலும் சொல்லித் தராது.

பிப்ரவரி 12

1849இல் இந்த இரண்டு நாளில்தான், நேற்றும் இன்றும், ஷூமான் ஓபஸ் 73ஐ எழுதி முடித்தார். முதலில் வைத்த பெயர் மாலைநேரத் துண்டுகள், பிறகுதான் ஃபான்டசி ஆனது. மை காய்ந்த கையோடு அவர் மனைவி கிளாரா, இங்கே அரசவை இசைக்குழுவில் இருந்த கோட்டே என்ற கிளாரினெட் கலைஞரோடு வாசித்துப் பார்த்துவிட்டார். கிளாரினெட் இல்லாவிட்டால் வயலினோ செல்லோவோ போதும் என்று அச்சிட்டது வியாபாரத்துக்காக இருக்கும் என்பது என் எண்ணம், கூடத்தில் வாசிக்கிற குடும்பங்களுக்கு நோட்டு விற்க வேண்டாமா.

அதே வருடம் மே மாதம் இந்த ஊரில் கிளர்ச்சி வெடித்தது, ஷூமான் குடும்பம் ஊரைவிட்டு வெளியேறியது. பிப்ரவரி இசையில் அதன் நிழலைத் தேடுவது வீண்.

இன்றைக்கு முழுக்க முதல் துண்டுதான். பியானோ திஸ்ரத்தில் ஓடிக்கொண்டே இருக்கும், கிளாரினெட் அதன்மேல் இரண்டிரண்டாகப் பாடும். மூன்றுக்கு இரண்டு, நம் ஊர்ப் பிள்ளைகள் கையில் தட்டிக் காட்டும் விஷயம். நான் அம்மாவின் மூன்றுக்குக் கொஞ்சம் இணங்கிக் கொடுத்தால் போதும், பாட்டு நொண்டும். அவர் என் இரண்டுக்கு இணங்கினாலும் அப்படித்தான். இரண்டு பேரும் பிடிவாதமாக இருந்தால்தான் அந்த நிலையில்லாத மிதப்பு வருகிறது. ஷூமான் எழுதியிருக்கிற கனவு இந்தப் பிடிவாதத்தில்தான் இருக்கிறது, பெடலில் இல்லை.

மூன்று துண்டுகளுக்கும் நடுவே நிற்கக் கூடாது, முடிந்த இடத்திலேயே அடுத்தது பிடிக்க வேண்டும். முதலாவது ஏ மைனர் என்ற சோகச் சாயல் சுரவரிசையில் ஏங்கிக்கொண்டிருந்து கடைசியில் மேஜர் என்ற தெளிந்த சுரவரிசையில் வந்து அமரும், அதே மேஜரில் இரண்டாவது சிரித்துக்கொண்டு கிளம்பும். மூன்றாவது நெருப்பாக ஓடும்போது நடுவில் முதல் துண்டின் பாட்டு திடீரென்று தலைகாட்டும், வேறு வேகத்தில், வேறு முகத்தில். கனவில் செத்துப்போன தாத்தா பேருந்து நடத்துநராக வந்து சீட்டுக் கொடுப்பாரே, அந்த மாதிரி.

பிப்ரவரி 14

நேற்று ஒத்திகை இல்லை. 1945இல் இந்த ஊர்மேல் நடந்த குண்டுவீச்சின் நினைவு நாள், இரவு ஊர்த் தேவாலய மணிகள் எல்லாம் சேர்ந்து அடிக்கும், அம்மா அன்றைக்கு வாசிக்க மாட்டார். இன்று இரண்டு மடங்கு வேலை வாங்கினார்.

பிப்ரவரி 23

முடிந்தது. நாற்காலிகள் போதாமல் இரண்டு பேர் சமையலறை வாசலில் நின்றார்கள். டெபுஸியின் முதல் சுரம் எப்போது வந்தது என்று தெரியவில்லை என்று ஒருவர் குறையாகச் சொன்னார், எனக்கு அதைவிடப் பெரிய பாராட்டு கிடையாது. பெர்க்கின் இரண்டாவது துண்டு முடிந்ததும் ஒரு பையன் சத்தமாக "அவ்வளவுதானா?" என்றான். அவன் அம்மா அடக்கினார், ஆனால் கேள்வி நியாயமானது, பெர்க்கின் குருவான ஷோன்பெர்க்குக்கும் இந்தக் குட்டித் துண்டுகளில் திருப்தி இல்லை.

ஷூமானின் கடைசிப் பக்கத்தில் மேலும் வேகம், மேலும் வேகம் என்று போட்டிருக்கிறது. அங்கே அம்மா தன் நிபந்தனையைத் தானே காற்றில் விட்டுவிட்டுப் பறந்தார், நான் பின்னால் ஓடினேன். முடித்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்து, "நான் எண்ணிக்கொண்டுதான் இருந்தேன், நீதான் மெதுவாக எண்ணினாய்" என்றார்.

அடுத்து பிராம்ஸின் ஓபஸ் 120 சொனாட்டாக்கள் வேண்டுமாம் அவருக்கு. வாசிக்கலாம், 1894இல் எழுதியது, அருமையான இசை. ஆனால் எனக்கு அந்தப் பையன் வந்தால் பெர்க்கை இன்னொரு முறை வாசித்துக் காட்ட வேண்டும். நான்கையும் இரண்டு தடவை வாசித்தாலும் இருபது நிமிடத்துக்குள் அடங்கிவிடும்.