அத்தை கொசுறு கேட்ட ஊர்

ஜப்பானியர்கள் அளந்து பேசுபவர்கள், ரயிலில் தொலைபேசி மணி அடித்தால்கூடப் பதறுபவர்கள் என்று தூத்துக்குடியில் இருக்கும் என் மாமியாருக்கு நான் பலமுறை சொல்லி வைத்திருந்தேன். அது வினையாகப் போய்விட்டது. கோபேயில் எங்கள் வீட்டுக்கு வந்து இறங்கியது முதல் அத்தை கிசுகிசுத்தே பேசினார். குக்கர் விசில் அடித்தால் பக்கத்து வீட்டுக்காரர்கள் என்ன நினைப்பார்களோ என்று அடுப்படிக்கு ஓடினார். ஊரில் மீன்காரம்மாவோடு பேரம் பேசினால் அடுத்த தெருவில் கேட்கும் குரல் அது. நேரில் பார்த்தபோது எனக்கே பாவமாக இருந்தது. மருமகள்களுக்கு அப்படித் தோன்றுவது அபூர்வம் என்பதால் குறித்து வைக்கிறேன்.

சரி, ஒசாக்காவுக்கு அழைத்துப் போவோம் என்று முடிவு செய்தேன். ஒசாக்காக்காரர்களைப் பற்றி மற்ற ஜப்பானியர்கள் சொல்லும் புகார்கள் பிரசித்தமானவை. சத்தமாகப் பேசுவார்கள். முன்பின் தெரியாதவரிடம் குடும்பக் கதை கேட்பார்கள். விலையைக் குறைக்கச் சொல்வார்கள். எதை வாங்கினாலும் எவ்வளவு மலிவாக வாங்கினோம் என்பதைத்தான் பெருமையாகச் சொல்வார்கள். எஸ்கலேட்டரில்கூட டோக்கியோ இடப்பக்கம் நின்றால் இவர்கள் வலப்பக்கம் நிற்பார்கள். இந்தப் பட்டியலைப் படித்தால் அத்தையின் ஜாதகத்தைப் படித்த மாதிரியே இருக்கும். கணவருக்கு அலுவலகம். எனவே மாமியாரும் மருமகளும் மட்டும் கிளம்பினோம்.

சன்னோமியாவில் ஹான்ஷின் ரயில் ஏறினால் நிப்பொன்பாஷிக்கு நேராகவே வந்து சேரலாம். இறங்கியதும் கொஞ்ச தூரத்தில் குரோமோன் சந்தை. கூரை போட்ட நீண்ட தெரு, கிட்டத்தட்ட 600 மீட்டர் இருக்கும். இரண்டு பக்கமும் ஏறத்தாழ 150 கடைகள். ஒரு காலத்தில் உணவகச் சமையல்காரர்கள் வந்து வாங்கிய இடம். இப்போது வெளிநாட்டுப் பயணிகள் ஒற்றை நண்டுக் காலைப் பிடித்துக்கொண்டு படம் எடுக்கும் இடம், விலையும் அதற்கேற்றபடி. அத்தைக்கு விலை பற்றிக் கவலை இல்லை. பார்ப்பதற்கு யாரும் காசு கேட்பதில்லை அல்லவா?

மீனைக் கண்டதும் அவர் நடையே மாறியது. செவுளைத் தூக்கிப் பார்க்கக் கை போயிற்று. நான் பிடித்து இழுத்தேன். தொடாதீர்கள் என்று நான்கு மொழிகளில் எழுதி வைத்திருந்தார்கள். தமிழ் அதில் இல்லை என்பது அத்தையின் வாதம். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, கண் கலங்கியிருக்கிறதா, தோல் மினுங்குகிறதா என்று தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்துக்கொண்டே போனார். திடீரென்று நின்றுவிட்டார்.

"ஏளா, இது பேத்தை அல்லவா?"

பேத்தையேதான். எங்கள் பக்கத்தில் வலையில் சிக்கினால் உப்பிக்கொண்டு கிடக்கும். திட்டிக்கொண்டே எடுத்துக் கடலில் எறிவார்கள். இங்கே அதற்கு ஃபுகு என்று பெயர். அடித்தட்டின் பூவேலைப்பாடு தெரியும் அளவுக்கு மெலிதாகச் சீவி, சாமந்தி இதழ் போல அடுக்கி, பயபக்தியோடு விற்கிறார்கள். ஈரலிலும் சினையிலும் ஆளைக் கொல்லும் விஷம், உரிமம் பெற்றவர்தான் வெட்டலாம், ஒரு தட்டு மூவாயிரம் யென்னுக்கு மேல் என்று விளக்கினேன். யென்னைப் பாதியாக்கிக் கொஞ்சம் கூட்டினால் ரூபாய் என்பது அத்தையின் வாய்ப்பாடு. உதடு அசைந்தது, கணக்கு முடிந்தது.

"எந்த இடத்தில் விஷம் இல்லை என்று முதலில் யார் தின்று பார்த்திருப்பார்கள்?" என்றார். நான் பதில் சொல்வதற்குள் அவரே, "மருமகளாகத்தான் இருக்கும்" என்று முடித்துக்கொண்டு நடந்தார்.

இதற்குப் பிறகுதான் அந்த உலர்பொருள் கடை. வாசலில் இருந்த ஒரு கூடையில் பழுப்பு நிறக் கட்டைகள் கிடந்தன. மரக்கடையின் கழிவு என்று நினைத்து நான் தாண்டிப் போய்விட்டேன். அத்தை தாண்டவில்லை. மூக்கு அவரை இழுத்துக்கொண்டு போய் அங்கே நிறுத்தியிருந்தது. குனிந்து முகர்ந்தார். நிமிர்ந்தபோது முகம் மலர்ந்திருந்தது.

"மாசி!"

கிசுகிசுப்பு அதோடு ஒழிந்தது. அந்தக் குரலுக்குக் கடைக்கார அம்மாளே உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தார். அத்தை சொன்னது அநேகமாகச் சரி. ஜப்பானியச் சமையலுக்கே ஆதாரமான கத்சுவோபுஷி என்பதும் சூரை மீன்தான். வேக வைத்து, முள் எடுத்து, திரும்பத் திரும்பப் புகையில் காட்டி உலர்த்துகிறார்கள். உயர்ந்த ரகத்துக்கு அதன்மேல் ஒரு பூஞ்சணத்தையும் வளர்த்து, மாதக் கணக்கில் வெயிலில் காய வைக்கிறார்கள். நம் மாசியில் பூஞ்சணம் பிடித்தால் கடைக்காரன் சட்டையைப் பிடிப்போம். இவர்கள் அதற்குக் கூடுதல் விலை வைக்கிறார்கள். மற்றபடி மாலத்தீவிலும் இலங்கையிலும் தூத்துக்குடியிலும் இடித்துச் சம்பலுக்குப் போடுகிற அதே சூரை, அதே புகை.

கடைக்கார அம்மாளுக்கு அறுபத்தைந்து வயது இருக்கும். சிறுத்தைப் புள்ளி போட்ட சட்டை. இது ஒசாக்கா அம்மாள்களின் சீருடை என்று கேலி செய்வார்கள். நானும் நம்பாமல்தான் இருந்தேன். அவர் இரண்டு கட்டைகளை எடுத்து ஒன்றோடொன்று தட்டினார். கணீர் என்றது. நன்றாகக் காய்ந்ததற்கு அதுதான் சாட்சி. அத்தை வாங்கித் தானும் ஒருமுறை தட்டிக் கேட்டுவிட்டு, பரவாயில்லை என்பதுபோலத் தலையசைத்தார். பிறகு அந்த அம்மாள் ஒரு மரப்பெட்டியைக் கொண்டுவந்தார். மேல்புறம் தச்சனின் இழைப்புளியைக் கவிழ்த்து வைத்ததுபோல ஒரு தகடு. அதில் கட்டையை வைத்துத் தேய்த்ததும் கீழே இழுப்பறையில் இளஞ்சிவப்பாகச் சீவல் சுருண்டு விழுந்தது. ஒரு கிள்ளு எடுத்து அத்தையின் உள்ளங்கையில் வைத்தார். அத்தை வாயில் போட்டுக்கொண்டு, உப்பு குறைவு என்று தமிழில் தீர்ப்புச் சொன்னார். கடைக்காரர் ஜப்பானிய மொழியில் ஏதோ மறுத்தார். நடுவில் நிற்கும் எனக்கு வேலையே இல்லை.

அப்புறம் பேச்சு சேலைக்குத் தாவியது. அந்த அம்மாள் அத்தையின் முந்தானையை இரண்டு விரலால் தடவிப் பார்த்து, எவ்வளவு என்று விரல் தேய்த்துக் கேட்டார். தள்ளுபடியில் எழுநூறு ரூபாய் என்பதை யென்னாக்கி நான் சொன்னதும் அவர் முகத்தில் வந்த மரியாதையைப் பார்க்க வேண்டும். உடனே தன் சிறுத்தைச் சட்டையைக் காட்டி, ஆயிரம் யென் என்று ஒற்றை விரலை உயர்த்தினார். அத்தை அரைக் கணம் கணக்குப் போட்டுவிட்டு, தன் சேலைதான் நீளம் அதிகம் என்று கையை விரித்துக் காட்டினார். ஆறு கெஜத்துக்கு எதிராக ஒரு சட்டையால் என்ன செய்ய முடியும்? அந்த அம்மாள் தோல்வியை ஒப்புக்கொண்டு, இடுப்புப் பையிலிருந்து இரண்டு மிட்டாய் எடுத்து நீட்டினார். வழியில் பார்ப்பவர்களுக்கெல்லாம் மிட்டாய் கொடுப்பதும் இந்த ஊர் அம்மாள்களின் வழக்கம்தான். ஆனால் அத்தையின் கைப்பையிலும் அதற்குப் பதில் உண்டு என்பது எதிராளிக்குத் தெரியாது. அத்தை கோவில்பட்டிக் கடலை மிட்டாயை எடுத்தார். விமானத்தில் வந்தது, அது பத்து நாளாகப் பையில் ஏன் இருந்தது என்று நான் கேட்கவில்லை.

அடுத்து டோகுயாசுஜி. பக்கத்திலேயே, சமையல் சாமான்களுக்கென்றே இருக்கும் குறுகிய தெரு. உணவக வாசல்களில் கண்ணாடிக்குள் வைக்கும் போலிச் சாப்பாடும் இங்கே விற்கிறது. 1932இல் இவாசாகி தகிசோ என்பவர் இந்த ஒசாக்காவில்தான் அதை மெழுகில் செய்து வாடகைக்கு விடும் தொழிலை ஆரம்பித்தார். அத்தை ஒரு போலி இறாலை மூக்கருகே கொண்டுபோய்விட்டு, வாசனையில்லாத மீனை நம்பக் கூடாது என்று திருப்பி வைத்தார். அவருக்கு வேண்டியது அரிவாள்மனை. அது கிடைக்காது என்று தெரிந்ததும் கத்திக் கடைக்குள் நுழைந்தார்.

கத்தியில் பெயர் வெட்டித் தருகிறார்கள் என்று தெரிந்தவுடன் அத்தை சிலிர்த்துப் போனார். நம் ஊர்ப் பாத்திரக் கடையில் எவர்சில்வர் குடத்தின் கழுத்தில் பெயர் வெட்டாமல் எந்தப் பெண்ணாவது வெளியே வந்திருக்கிறாளா? காகிதத்தில் தமிழில் எழுதிக் கொடுத்தார். கடைக்காரர் அதைக் கண்ணருகே பிடித்து, தலைகீழாகத் திருப்பி, மறுபடி நேராக்கி, கத்தியை மரக்கட்டைமேல் படுக்க வைத்தார். சின்ன உளி, சின்னச் சுத்தியல். டொக், டொக், டொக். கொம்பு வந்தது, சகரம் வந்தது. லகரத்தின் வளைவில் மூச்சைப் பிடித்துக்கொண்டார். அதன் தலையில் புள்ளிக்கு ஒரே தட்டு. கடைசியாக வியும் வந்தது. ஊதித் துடைத்து நீட்டியபோது, பிறவியிலேயே தமிழ் எழுதியவர் மாதிரி நின்றது: செல்வி.

செல்வி என் பெயரல்ல, என் நாத்தனார் பெயர்.

பணம் கொடுத்தாயிற்று. பணத்தைக் கொடுத்தது நான் என்பதைப் பெரிதுபடுத்த விரும்பவில்லை. அத்தை நகரவில்லை. கல்லாவுக்கு முன்னால் கையை ஏந்தினாற்போல வைத்துக்கொண்டு, கடைக்காரரைப் பார்த்துச் சிரித்தபடி நின்றார். எனக்குப் புரிந்துவிட்டது, உடம்பெல்லாம் கூசியது. கொசுறு! முருங்கைக்காய் வாங்கினால் கறிவேப்பிலை வாங்காமல் நகராத கால்கள் அவை. கடைக்காரர் என்னைப் பார்த்தார், நான் கூரையைப் பார்த்தேன். இரண்டு நொடிகள்தான். அவர் ஓவென்று சிரித்து, மேசைக்கு அடியில் குனிந்து, ஒரு ஜோடி மரச்சாப்பாட்டுக் குச்சிகளை எடுத்துக் கத்திப் பொட்டலத்தோடு வைத்தார். டோக்கியோவில் இது நடந்திருக்குமா என்று எனக்குச் சந்தேகம்தான்.

பசி நேரத்தில் எபிசுச்சோவில் இறங்கி ஷின்செக்காய் போனோம். நடுவில் சூட்டென்காக்கு கோபுரம். 1912இல் பாரீஸின் ஈஃபில் கோபுரத்தைப் பார்த்துக் கட்டினார்கள். 1943இல் தீப்பிடித்த பிறகு இரும்பையெல்லாம் போருக்குக் கொடுத்துவிட்டார்கள். இப்போது நிற்பது 1956இல் எழுந்தது. மேலே கூம்புத் தலையும் குறும்புச் சிரிப்புமாக பில்லிகென் உட்கார்ந்திருக்கிறது. 1908இல் ஓர் அமெரிக்க ஓவிய ஆசிரியை உருவாக்கிய பொம்மை. ஒசாக்கா அதைச் சாமியாக்கிக்கொண்டது. உள்ளங்காலைத் தேய்த்து வேண்டினால் பலிக்குமாம். முந்தைய சிலையின் பாதம் தேய்ந்து குழி விழுந்ததால் 2012இல் புதியது வைத்தார்கள். அத்தை நெடுநேரம் தேய்த்தார். கண்ணை மூடியபடி தேய்த்தார். கண்ணைத் திறந்ததும் நேராக என் வயிற்றைப் பார்த்தார். அமெரிக்காவில் பிறந்து ஒசாக்காவில் குடியேறிய ஒரு பொம்மையிடம் என்னைப் பற்றித் தமிழில் மனு போயிருக்கிறது.

குஷிகாட்சு கடையில் இன்னொரு ஆனந்தம் காத்திருந்தது. இறாலையும் தாமரைத் தண்டையும் காடை முட்டையையும் குச்சியில் கோத்து, மாவில் புரட்டிப் பொரித்துத் தருகிறார்கள். தொட்டுக்கொள்ளும் சாறு பொதுப் பாத்திரத்தில் இருக்கும். ஒருமுறைதான் முக்கலாம், கடித்த பிறகு மறுபடி முக்கக் கூடாது. கொரோனாவுக்குப் பிறகு பல கடைகள் சாற்றைப் புட்டிக்கு மாற்றிவிட்டன. நாங்கள் போன இடத்தில் இன்னும் பாத்திரம்தான். மாட்டிறைச்சிக் குச்சியை விலக்கிவிட்டு, சுவரில் பெரிதாக எழுதியிருந்த அந்தத் தடையை நான் படித்துச் சொன்னதும், "எச்சில் பார்க்கிறார்கள்!" என்று அத்தை நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். இந்த நாட்டின் மீது அவருக்கு முழு நம்பிக்கை வந்தது அந்த நிமிடத்தில்தான். சாறு போதாவிட்டால் முட்டைக்கோஸ் இலையால் அள்ளி ஊற்றிக்கொள்ளலாம். அதை அவர் எனக்கே ஊற்றிக் காட்டினார். பக்கத்து மேசையில் ஒரு வெள்ளைக்காரப் பையன் கடித்த குச்சியைப் பாத்திரத்துக்கு மேலே கொண்டுபோனபோது, அத்தையின் தொண்டையைச் செருமும் சத்தத்தில் அவன் கை அப்படியே நின்றது. பரிமாறும் பெண் குனிந்து வணங்கியது எங்களை நோக்கித்தான்.

ஹோசென்ஜி கோயிலில் பாசி படிந்து பச்சைப் போர்வை போர்த்தியதுபோல நிற்கும் ஃபுடோ என்ற பௌத்தக் காவல் தெய்வத்தின் சிலைக்கு எல்லோரும் அகப்பையால் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். வடமொழியில் அசலர் என்று சொல்லப்படுபவர் ஜப்பானுக்கு வந்து ஃபுடோ ஆனவர். அந்த விவரமெல்லாம் அத்தைக்குத் தேவைப்படவில்லை. செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு வரிசையில் நின்று அபிஷேகம் முடித்தார். எங்களைப் பார்த்துப் பின்னால் நின்ற இரண்டு பேர் தங்கள் பூட்ஸைக் கழற்றலாமா என்று யோசித்தது உண்மை.

டோட்டன்போரியைப் பற்றி எழுத அதிகம் இல்லை. 1615இல் வெட்டி முடித்த கால்வாய், விளம்பரப் பலகையில் ஓடும் க்ளிகோ மனிதன், காலாட்டும் ராட்சத நண்டு, அவ்வளவையும் மறைக்கும் ஜனக்கூட்டம். 1985இல் ஹான்ஷின் டைகர்ஸ் என்ற பேஸ்பால் அணி ஜெயித்த மகிழ்ச்சியில் ரசிகர்கள் ஒரு கோழிக்கறிக் கடைக் கிழவர் சிலையை இந்தத் தண்ணீரில் தூக்கிப் போட்டதையும், அது 2009இல்தான் கிடைத்ததையும் சொன்னேன். "சிலையைத் தண்ணீரில் போட்டால் எப்படி விளங்கும்?" என்றார். அந்த அணி அடுத்த தேசியக் கோப்பைக்கு 2023 வரை காத்திருந்தது; ஊர்க்காரர்களும் இதையேதான் சொன்னார்கள்.

தக்கோயாக்கியின் உருண்டைகளையும் குழிச் சட்டியையும் பார்த்ததும் எல்லாத் தமிழரும் சொல்வதை அத்தையும் சொன்னார். அதை இங்கே எழுதப் போவதில்லை. உள்ளே பேய்க்கணவாய்த் துண்டு, மேலே மாசிச் சீவல். ஆவி பட்டு அந்தச் சீவல் நெளிந்து நெளிந்து ஆடியது. அருகில் நின்ற வெளிநாட்டுப் பெண்கள் உயிருள்ளதோ என்று அலறிக்கொண்டு படம் எடுத்தார்கள். அத்தை முன்னால் போய், சூடு பட்டால் மாசி ஆடத்தான் செய்யும், பயப்படாமல் தின்னுங்கள் என்று தமிழில் தெளிவாக விளக்கினார். அவர்களும் தலையாட்டிவிட்டுத் தின்றார்கள்.

இரவு வீட்டில் கணவர் கத்தியைக் கையில் எடுத்து, எழுத்தைப் படித்து, என் முகத்தைப் பார்த்து, பிறகு தைரியமாக அம்மாவிடம் கேட்டார்: நமக்கு எங்கே?

"ஏலே, நீ இங்கேயேதானே இருக்கிறாய், எப்போது வேண்டுமானாலும் போய் வாங்கலாம்" என்றார் அத்தை. பிறகு என் பக்கம் திரும்பி, "போகும்போது என்னையும் கூட்டிப் போ. தனியாகப் போனால் அந்த ஆள் உன்னைக் குச்சி தராமல் அனுப்பிவிடுவான்."