தண்ணீர்மலைக்குத் தேர் போகும் வழியில்

தைப்பூசத்துக்கு முதல் நாள், இன்னும் விடியாத நேரம். மலேசியாவின் பினாங்கில், லெபோ பினாங் தெருவிலுள்ள செட்டியார்களின் கோவில் வீட்டிலிருந்து முருகனின் வெள்ளித் தேர் கிளம்புகிறது. காரைக்குடியில் செய்து 1894இல் கப்பலேற்றிக் கொண்டுவந்த தேர். தண்ணீர்மலை அடிவாரத்தில் இருக்கும் நாட்டுக்கோட்டைச் செட்டியார் கோயிலுக்குக் காரில் போனால் கொஞ்ச நேரம்தான். தேர் போய்ச் சேர இரவாகிவிடும். எல்லாம் வழிநெடுக உடைக்கும் தேங்காயால்தான்.

டத்தோ கெராமட் சாலையில் ஒரு சீனக் குடும்பம் இடுப்பளவு உயரத்துக்குத் தேங்காய் குவித்து வைத்திருந்தது. பாட்டியம்மா குவியலின் உச்சியில் ஊதுபத்திகளைச் செருகி, தேர் வரும் திசை பார்த்து மூன்று முறை குனிந்து எழுந்தார். பிறகு பேரன்கள் உடைக்க இறங்கினார்கள். "அக்கா, தள்ளி நில்லுங்க, ஓடு தெறிக்கும்" என்று தொண்டூழியத் தம்பி ஒருவன் கத்துவதற்குள் என் புடவையில் இளநீர் வாசம். பாட்டியிடம் மலாயில் என்ன வேண்டுதல் என்று கேட்டேன். பேரனுக்குப் போன வருஷம் உடம்பு சரியில்லையாம், இப்போது தேறிவிட்டானாம். அதோ, அவன்தான் உடைக்கிறான் என்று காட்டினார்.

சீனரே நம் முருகனைக் கும்பிடுகிறார் என்று படம் எடுத்துப் பகிர்ந்து பூரித்துப்போகிறோம். எனக்கு அதில் ஒரு நெருடல் உண்டு. அந்தப் பாட்டி நம் பண்பாட்டுக்கு நற்சான்று கொடுக்கவா வந்தார்? நேர்த்திக்கடன் கழிக்க வந்தார், கழித்தார், போனார். நம் பண்பாட்டைக் காக்கிற வேலையை நாம்தானே செய்ய வேண்டும்?

தேருக்குப் பின்னால் பஜனைக் குழுவோடு ஒரு பையன் நடந்தான். கைபேசியில் கந்த சஷ்டி கவசம், முழுக்க ரோமன் எழுத்தில். ஒரு வரிகூடப் பிசகாமல் பாடினான், குரலும் கணீரென்று இருந்தது. அவனைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. ஆனாலும் 1816இலேயே பினாங்கு ஃபிரீ ஸ்கூல் என்ற பள்ளியில் தமிழ் வகுப்பு தொடங்கிய ஊர் இது. அவன் அம்மாவிடம் பேச்சுக் கொடுத்தேன். "பேசுவான் அக்கா, எழுத்துதான் வரல. இந்த வருஷம் டியூஷன் போட்டிருக்கேன்" என்றார்.

2017 முதல் தங்கத் தேரும் வருகிறது. எந்தத் தேர் பெரிது என்ற சண்டை நம் வீட்டுச் சண்டை, இங்கே வேண்டாம்.

முந்தின நாள் மாலை குயின் தெரு மாரியம்மனைப் பார்த்துவிட்டு அப்படியே நடந்தேன். 1833இல் எழுந்த கோயில். பக்கத்திலேயே சீனர்களின் குவான் யின் கோயில், 1818இல் கட்டிய செயின்ட் ஜார்ஜ் தேவாலயம், கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல். அந்தப் பள்ளிவாசலை எழுப்பிய காதர் மொய்தீனும் தமிழர்தான், பரங்கிப்பேட்டைக்காரர். அரசாங்கப் படிவங்களில் இனத்துக்கு ஒரே ஒரு கட்டம் கொடுத்திருப்பார்கள். இந்தத் தெருக்காரர்கள் அதற்குள் எப்படி அடங்குவார்கள்? செட்டிநாட்டில் இன்னும் பிள்ளைகளுக்குத் தண்ணீர்மலை என்று பெயர் வைக்கிறார்கள். பினாங்கிலுள்ள ஒரு மலையின் பெயரைச் சுமந்துகொண்டு காரைக்குடியில் வளர்கிறவனுக்கு எந்த ஊர்?

வர நினைப்பவர்களுக்கு: மலைக்கோயிலுக்கு ஐந்நூறு படிக்கு மேல் ஏற வேண்டும், விடியுமுன் ஏறிவிடுங்கள், வெயிலில் முடியாது. காவடிக் கூட்டம் தாங்காதவர்கள் பூசத்துக்கு மறுநாள் இரவு வரலாம். தேர் கோவில் வீட்டுக்குத் திரும்பும் நேரம் அது. நெருக்கடி குறைவு, அர்ச்சனைத் தட்டைக் கையில் கொடுத்து நிதானமாகத் தரிசிக்கலாம்.