நிறம் ஒண்டான பிறகும் ஓடுறது

எங்கட விலங்கியல் சேர் காலமாகிட்டார் எண்டு வட்ஸ்அப்பில செய்தி வந்ததில இருந்து அந்த ஏ.எல் லாப்தான் கண்ணுக்குள்ள நிக்குது. கரண்ட் இல்லாத 91ஆம் ஆண்டு, நுணுக்குக்காட்டியின்ட கண்ணாடியை யன்னல் வெயிலுக்குத் திருப்பித்தான் உயிர்க்கலம் பாத்தனாங்கள்.

பரவல் படிப்பிச்ச நாளை எங்கட பட்ச் ஆக்கள் மறந்திருக்க மாட்டினம். முகவைத் தண்ணிக்குள்ள பொற்றாசியம் பரமங்கனேற்றுப் பளிங்கு ஒண்டைப் போட்டுட்டு மேசையில ஒருத்தரையும் கை வைக்க விடேல்ல. அடியில ஊதாவாக் கசிஞ்சு கசிஞ்சு கடைசியில முழுத்தண்ணியும் ஒரே நிறம். "இப்ப பரவல் நிண்டிட்டுதோ?" வகுப்பே ஓமெண்டுது. "இல்லையடா, துணிக்கையள் இப்பவும் ஓடிக்கொண்டுதான் இருக்கு, போறதும் வாறதும் சரிக்குச் சரி, அதுதான் கண்ணுக்குத் தெரியேல்ல."

இஞ்ச வந்து நான் செய்யிற ஆராய்ச்சி முழுக்க அந்த வசனம்தான். ஜெலிமீனில இருந்து எடுத்த பச்சையா ஒளிருற புரதத்தை, ஜி.எஃப்.பி எண்டுவினம், எங்களுக்கு வேண்டிய புரதத்தோட ஒட்டிவிட்டா கலம் முழுக்க ஒரே பச்சை, ஒண்டும் அசையாத மாதிரி இருக்கும். அதில ஒரு சின்ன வட்டத்துக்கு மட்டும் லேசரைப் பலமா அடிச்சா அந்த இடம் கறுத்துப்போகும், பிறகு மெல்லிய வெளிச்சத்தில பாத்துக்கொண்டிருந்தா பச்சை திரும்பி வரும். செத்த ஒளி உயிர்க்கிறேல்ல, பக்கத்தில இருந்த புரதங்கள் உள்ள வருது, கறுத்தது வெளிய போகுது. பாதி வெளிச்சம் திரும்ப எடுக்கிற நேரத்தையும் வட்டத்தின்ட அளவையும் வச்சுப் பரவல் குணகத்தை, அதாவது புரதம் எவ்வளவு கெதியாப் பரவுது எண்டு சொல்லுற எண்ணை, கணிக்கலாம். குழியவுருவில, கலத்துக்குள்ள இருக்கிற கூழில, தனிய திரியிற ஜி.எஃப்.பி எண்டா ஒரு செக்கனும் எடுக்காது, கலத்தைச் சுத்தியிருக்கிற மென்சவ்வில உள்ள புரதம் எண்டா பல செக்கன், சிலது நிமிசக்கணக்கு. முழுசாத் திரும்பாட்டி கொஞ்சப் புரதம் எங்கேயோ பிடிபட்டு நிக்குது எண்டு அர்த்தம். கோர்னெல் பல்கலைக்கழகத்தில அக்செல்ரோட், வெப் ஆக்கள் 1976இலயே லேசர் அடிச்சு அளக்கிற இந்த முறையை எழுதிட்டினம், அந்தப் பேப்பர் ஒண்டும் எங்கட லாப் வரைக்கும் வரேல்ல, ஆனா அதின்ர அடிப்படையை சேர் ஒரு முகவையோட காட்டிட்டார்.

சண்டை முடிஞ்சு ஊருக்குப் போகேக்க லப்டொப்பில அந்தப் பச்சை திரும்பி வாற வீடியோ கொண்டு போனனான். சேருக்குக் கண் பார்வை போயிருந்தது, வாயாலதான் சொன்னன். எல்லாம் கேட்டு முடிய, "பாதி திரும்ப எவ்வளவு நேரம் எடுக்குது?" எண்டார். இஞ்ச புதுசா வாற பிள்ளையள் அந்தக் கேள்விக்கு வர மாசக்கணக்காகும். இப்படி ஒரு மனுசனுக்குப் பக்கத்தில இருந்து வேலை செய்யிற வாழ்க்கையை விட்டிட்டு வந்திட்டன் எண்ட கவலை இப்ப கூடக் கூட வருது.