அரிசி ஆலைக்குக் கிட்ட காணி வாங்குமுன் நாங்கள் பார்த்தவை

மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களில் குடியிருக்கக் காணி தேடினால் அடிக்கடி எதிர்ப்படுவது அரிசி ஆலைதான். "மில்லில இருந்து எவ்வளவு தூரம்?" என்று எல்லாரும் கேட்பார்கள். நாங்கள் அதற்கு முன் இரண்டைப் பார்த்தோம்: ஆலைக்கு எந்தத் திசையில் வளவு இருக்கிறது, எந்த மாதத்தில் போய்ப் பார்க்கிறோம்.

மார்கழி, தையில் பார்த்துவிட்டு முற்பணம் கொடுக்கக் கூடாது. மாரி மழை தூசியை அமுக்கிவிடும், நெல் வரத்தும் குறைவு. பெரும்போக அறுவடை மாசி, பங்குனியில். சிறுபோக அறுவடை ஆவணியை ஒட்டி. நெல் வந்து குவிந்த பிறகுதான் ஆலைகள் இரவிலும் ஓடும். சிறுபோக நெல் வரும் காலத்தில்தான் கச்சான் காற்று மேற்கிலிருந்து அடிக்கிறது. இரவில் தரைக்காற்றும் அதே பக்கத்தால் வரும். எனவே ஆலை மேற்கே இருந்தால் வருடத்தின் மிக மோசமான புகை உங்கள் வீட்டுக்குத்தான். ஆலை கடற்பக்கம் இருந்தால் பகலில் கடற்காற்றோடு வரும். ஆலைக்குத் தெற்கே இருக்கிற வளவுக்கு வாடைக்காற்று வடக்கிலிருந்து அடிக்கும் காலத்தில் கொஞ்சம் வந்தாலும் அப்போது மழை துணை செய்யும். மேற்கே 500 மீற்றரில் ஆலை உள்ள காணியைவிட வடக்கே 300 மீற்றரில் உள்ளதை நாங்கள் மேலாக எண்ணியது இதனால்தான்.

பச்சையரிசி மட்டும் குற்றும் மில்லா, நெல் அவிக்கும் மில்லா என்று முதலில் கேளுங்கள். முன்னதில் தவிட்டுத் தூசி, நெற்சுணை, மோட்டார் இரைச்சல். பின்னதில் இவற்றோடு கொதிகலன் புகையும் ஊறல் தண்ணீரும் சேரும். நெல்லின் எடையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு உமி. எரித்த உமியில் ஐந்தில் ஒரு பங்கு சாம்பல். 10 தொன் நெல்லுக்கு 2 தொன் உமி, அவ்வளவையும் எரித்தால் 400 கிலோ சாம்பல். அதில் பெரும்பகுதி சிலிக்கா. சரியாக எரியாத கருந்துகள் இலேசானவை, புகைபோக்கி கட்டையாக இருந்தால் அக்கம்பக்கத்து முற்றங்களில்தான் இறங்கும். இழுப்பு உள்ள பிள்ளை இருக்கும் வீட்டார் இந்த ஒரு விடயத்தில் விட்டுக்கொடுக்கவே கூடாது.

சோதிப்பது சுலபம். வெள்ளைப் பீங்கான் தட்டில் தேங்காய் எண்ணெயை மெல்லியதாகப் பூசி, ஆலை ஓடும் இரவில் பக்கத்து வீட்டு மதிலில் வைத்து விடியப் பாருங்கள். ஒரு தட்டை ஆலைக்கு எட்டாத தெருவிலும் வைத்தால்தான் ஒப்பிடலாம். விரலால் தேய்த்துக் கரி பிடிக்கும் துகள் உமிச்சாம்பல். நறநறக்கும் மண்ணிறத் தூசி தெருவுடையது. வாழை இலையின் மேற்புறம், கூரைப் பீலி, கிணற்று நீரின் மேற்பரப்பு மூன்றும் பழைய கதையைச் சொல்லும். அயலில் "மில்லால கரைச்சலா?" என்று கேட்டால் மில்காரர் சொந்தக்காரராக இருக்கலாம், பதில் வராது. "அக்கா, உடுப்பு எந்தப் பக்கம் காயப்போடுறீங்க?" என்று கேளுங்கள். வெயில் முற்றத்தை விட்டு விறாந்தையில் காயப்போடுகிறவர்கள் காரணத்தைத் தாங்களாகவே சொல்வார்கள்.

தண்ணீருக்கு இன்னும் கவனம் வேண்டும். ஒரு கிலோ நெல்லை ஊறவைக்க ஒரு லீற்றருக்கு மேல் தண்ணீர் போகும். ஓரிரு நாள் ஊறியபின் அது பழுப்பாகி, புளித்த நாற்றத்தோடு வெளியே வரும். வெற்றுக் காணியில் திறந்துவிட்டால் எங்கள் மணல் தரையில் நேரே நிலத்தடிக்கு இறங்கும். கடலுக்கும் வாவிக்கும் இடைப்பட்ட எழுவான்கரையில் நிலத்தடி நீர் நடு மேட்டிலிருந்து ஒருபக்கம் கடலுக்கும் மறுபக்கம் வாவிக்கும் நகர்கிறது. மேட்டின் வாவிப் பக்கத்தில் ஆலை இருந்து, அதற்கும் வாவிக்கும் இடையில் உங்கள் கிணறு இருந்தால் அந்த வழியில்தான் இருக்கிறது.

கிணற்று நீர் பழுப்பானால் உடனே ஆலையைச் சொல்லவும் கூடாது. அள்ளும்போது தெளிந்து, சிறிது நேரத்தில் பழுப்பேறினால் பெரும்பாலும் இரும்பு. நீர் வழங்கல் சபையின் ஆய்வுகூடத்தில் இரசாயனமும் பக்ரீரியாவும் இரண்டும் பார்க்கச் சொல்லுங்கள். இரசாயன மாதிரிப் போத்தலை அதே கிணற்று நீரால் மூன்று தரம் அலசுங்கள். பக்ரீரியாவுக்குத் தரும் கிருமி நீக்கிய போத்தலை அலசவே கூடாது, ஐஸில் வைத்து ஆறு மணித்தியாலத்துக்குள் ஒப்படைக்க வேண்டும். எஸ்எல்எஸ் 614 என்ற இலங்கைக் குடிநீர்த் தரப்படி நைத்திரேற்று லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேற்படக் கூடாது, ஈ.கோலி இருக்கவே கூடாது. நைத்திரேற்று ஏறியிருந்தால் பக்கத்து மலசலகூடக் குழியோ தோட்டப் பசளையோ காரணமாகலாம். கோடைக் கடைசியில் ஒன்று, மாரி வெள்ளம் வடிந்தபின் ஒன்று என இரு அறிக்கை எடுத்தால்தான் கிணறு விளங்கும்.

ஆவணங்களில் முக்கியமானது ஆலையின் சுற்றாடல் பாதுகாப்பு உரிமம். சிறிய தொழில்களுக்கு உள்ளூராட்சி சபையும் பெரியவற்றுக்கு மத்திய சுற்றாடல் அதிகாரசபையும் வழங்கும். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எழுத்தில் கேட்டால் 14 வேலை நாட்களுக்குள் தீர்மானம் தர வேண்டும். உரிமம் முடியும் திகதி, விதித்த நிபந்தனைகள், வந்த முறைப்பாடுகள், அயற்காணிகளுக்குக் கொடுத்த புதிய அனுமதிகள் ஆகிய நான்கையும் கேளுங்கள். கடைசிக் கேள்வியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். இன்றைய வெற்றுக் காணி நாளைய ஆலை. இரைச்சலுக்குப் பிரதேச சபை எல்லையில் பகல் 55, இரவு 45 டெசிபல் என்று 1996 ஒழுங்குவிதி சொல்கிறது. கைபேசிச் செயலி அண்ணளவாகத்தான் காட்டும், ஆனால் இரவில் 60 காட்டினால் யோசிக்கத்தான் வேண்டும்.

அருகில் இருப்பது அரிசி ஆலை அல்ல, நூல் சாயமிடும் இடம், அங்கிருந்து நிலத்தடி நீர் உங்கள் பக்கம் நகர்கிறது என்றால் கிணற்றின் நிறத்தையும் உப்பையும் பாருங்கள். மூடிக்கிடக்கும் தொழிற்சாலை மறுபடி திறக்கலாம் என்றே கணக்கில் எடுங்கள்.

முடிவெடுக்க நாங்கள் வைத்த அளவுகோல், காசால் திருத்த முடியுமா என்பது. கிணறு பழுதென்றால் குழாய் நீர் எடுக்கலாம், அந்தத் தெருவுக்கு இணைப்பு வந்திருக்கிறதா என்பதை மட்டும் உறுதிசெய்ய வேண்டும். இரைச்சலை மதிலும் அறை அமைப்பும் ஓரளவு குறைக்கும். சாம்பலுக்கும் நாற்றத்துக்கும் வளவுக்குள் மருந்தில்லை. ஒரு பேர்ச் காணிக்கு எவ்வளவு விலை குறைத்தாலும் அந்தக் காணிகளை விட்டுவிட்டோம். வாங்குவதா விடுவதா என்று தடுமாற்றம் இருந்தால் அதே தெருவில் ஆவணி தொடங்கி ஐப்பசி வரை வாடகைக்கு இருந்து பாருங்கள்.