உள்ளங்கால் மச்சமும் வெளிநாட்டு யோகமும்

போன தீபாவளிக்கு மொத நாள் ராத்திரி மகளுக்கு மருதாணி வச்சு முடிச்சிட்டு, இப்ப எனக்கு நீ வச்சுவிடுனு கால நீட்டுனேன். "அம்மா, இந்த மச்சம் பெருசாயிருக்கு"ன்னா. மெல்பர்ன் வந்து 4 வருஷம் கழிச்சு வலது உள்ளங்கால்ல வந்த மச்சம் அது. அப்பவே ஊருக்கு போன்ல சொன்னதுக்கு எங்கம்மாவுக்கு ஒரே குஷி, உள்ளங்கால்ல மச்சம்னா வெளிநாட்டு யோகம்டின்னாங்க, நான் ஏற்கனவே வெளிநாட்டுலதானம்மா இருக்கேன்னு சிரிச்சிட்டு விட்டுட்டேன்.

கடுகு மாதிரி இருந்தது துவரம்பருப்ப விட பெருசா ஆகியிருந்துச்சு, ஒரு பக்கம் நல்ல கறுப்பு, இன்னொரு பக்கம் தண்ணி பட்ட மை மாதிரி பிரவுனா இழுத்துட்டு போயிருந்துச்சு. வலி, அரிப்பு ஒண்ணும் இல்ல, அதனாலதான் கண்டுக்கவே இல்ல. ஆபீஸ்ல எல்லாரும் வருஷாவருஷம் ஸ்கின் செக் போவாங்க, அது வெள்ளக்காரங்களுக்குனு நானா முடிவு பண்ணி வச்சிருந்தேன்.

ஜிபி, அதாவது எங்க குடும்ப டாக்டர், டெர்மாஸ்கோப்ப (தோல பெருசாக்கி காட்டுற கருவி) வச்சு பாத்துட்டு போட்டோ எடுத்து எனக்கும் காட்டுனாங்க. உள்ளங்கால் தோல்ல ரேகை இருக்குல்ல, பெருசாக்கி பாத்தா உழுத வயல் மாதிரி மேடு பள்ளம் மேடு பள்ளமா தெரியுது. சாதா மச்சம்னா கலர் பெரும்பாலும் பள்ளத்துல ஓடுமாம், எனக்கு மேட்டுல ஓடியிருந்துச்சு. அதுதான் அவங்களுக்கு பிடிக்கல. அடுத்த வாரமே வெட்டி எடுத்து லேபுக்கு அனுப்புனாங்க, உள்ளங்கால்ல மரத்துப்போற ஊசி போடுறது இருக்கே, ரெண்டு பிரசவம் பாத்தவ சொல்றேன், ஐயோ.

ரிசல்ட் மெலனோமா, அதாவது ஒரு வகை ஸ்கின் கேன்சர், ஆனா மேல்தோலோட நின்னிருக்கு, உள்ள இறங்கல. சுத்தியும் இன்னும் கொஞ்சம் தோல எடுக்க ரெண்டாவது தடவை வெட்டுனாங்க, 3 வாரம் கட்டைய ஊனிக்கிட்டு வீட்டுக்குள்ள நொண்டுனேன், சமையல் முழுக்க அவர்தான், தினமும் ரசம்.

நம்ம மாதிரி கறுப்பு தோல்காரங்களுக்கு மெலனோமா வந்தா உள்ளங்கை, உள்ளங்கால், நகத்தடி இங்கதான் அதிகமாம், பாப் மார்லிக்கு கால் நகத்தடியில வந்து 1981ல 36 வயசுல போயிட்டார்னு டாக்டர் சொன்னாங்க. நகத்துல புதுசா கறுப்பு கோடு வந்து அகலமானாலோ, அந்த கறுப்பு நகத்த தாண்டி தோலுக்கு வந்தாலோ அடிபட்டிருக்கும்னு விடக்கூடாதாம்.

உள்ளங்கால், நகத்தடியில வர்ற இந்த வகை வெயிலால வர்றது இல்லையாம். உடனே இவர், அப்ப சன்ஸ்க்ரீன் செலவு மிச்சம்னு சொல்ல, டாக்டர் முறைச்சாங்க. மூஞ்சி, காது, புறங்கையில வர்ற மத்த ஸ்கின் கேன்சருக்கு வெயில்தான் முக்கிய காரணம், நமக்கு ரிஸ்க் கம்மி, அவ்வளவுதான், இல்லவே இல்லைனு இல்ல. இங்க குளுகுளுனு இருக்கிற நாள்லயும் யூவி (வெயில்ல இருக்கிற புற ஊதா கதிர்) எகிறும், அதனால வெக்கைய பாக்காம யூவி நம்பர பாக்கணும், 3ஓ அதுக்கு மேலயோ இருந்தா தொப்பி, முழுக்கை, சன்ஸ்க்ரீன், அதையும் ரெண்டு மணி நேரத்துக்கு ஒருதடவை திரும்ப போடணும். மக ஸ்கூல்ல தொப்பி இல்லைனா வெயில்ல விளையாட விடமாட்டாங்க, அந்த ரூல நான் எத்தனை தடவை கிண்டல் பண்ணியிருக்கேன்!

இப்ப 6 மாசத்துக்கு ஒருக்கா செக்கப். அம்மாகிட்ட கேன்சர்னு இன்னும் சொல்லல, மச்சத்த எடுத்தாச்சுனு மட்டும் சொன்னேன். "வந்த யோகத்த எவளாவது வெட்டி எறிவாளாடி"னு ரெண்டு நாள் பேசல.