தாப்சிகார்ஜினும் எங்கள் ஊர்க் கண்மாயும்: நெட் தேர்வுக்கு ஒரு பாடத்தைப் படித்த அனுபவம்

ஒத்திகைத் தேர்வில் வந்த ஒரு கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். மூளையில் நரம்புச்செல்களுக்குத் துணையாக இருக்கும் ஆஸ்ட்ரோசைட் என்ற செல்களை வளர்ப்புத் தட்டில் வளர்த்து, தாப்சிகார்ஜின் என்ற மருந்தில் அரை மணி நேரம் வைத்திருக்கிறார்கள். பிறகு கால்சியம் இல்லாத கரைசலுக்கு மாற்றி, ஏ.டி.பி. கொடுக்கிறார்கள். ஏ.டி.பி. என்பது செல்லுக்குள் எரிபொருளாகவும், செல்லுக்கு வெளியே செய்தியாகவும் பயன்படும் மூலக்கூறு. செல்லுக்குள் கால்சியம் உயருமா, உயராதா?

கேள்வியில் இருந்த ஒவ்வொரு சொல்லுக்கும் எனக்குப் பொருள் தெரியும். ஆனாலும் தவறாக விடை எழுதினேன். ஆய்வு உதவித்தொகைக்கும் உதவிப் பேராசிரியர் தகுதிக்கும் நடக்கும் சி.எஸ்.ஐ.ஆர். நெட் தேர்வில், உயிர் அறிவியல் தாளின் மூன்றாம் பகுதியில் 75 கேள்விகளில் 25-ஐ நாம் தேர்ந்தெடுக்க வேண்டும். சரியான விடைக்கு 4 மதிப்பெண், தவறான விடைக்கு 1 மதிப்பெண் கழிவு. மொத்தம் 200 மதிப்பெண்ணில் பாதி இந்தப் பகுதியில்தான் இருக்கிறது. அங்கே கேட்கப்படுவது பெரும்பாலும் "ஒரு படியை அடைத்தால் என்ன ஆகும்" என்பதுதான். நான் வைத்திருந்ததோ வரிசையாக மனப்பாடம் செய்த அம்புக்குறிகள் மட்டுமே.

எங்கள் ஊர் மேலூர்ப் பக்கம். பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் வழியில் படித்தவன். தேர்வுக்குத் தயாரான மாதங்களில் காலையில் பஸ் ஏறி, மதுரை புது நத்தம் சாலையில் 2023-இல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்துக்குப் போவேன். அங்கே ஆங்கிலப் பாடநூலை வரிவரியாக எழுதிக்கொண்டு வருவேன். எழுதியது எதுவும் நிற்கவில்லை. ஐப்பசி மழையில் ஊர்க் கண்மாய் நிறைந்து மறுகால் பாய்ந்த ஒரு நாள், கரையில் நின்றபோதுதான் எனக்கு முதல் பிடி கிடைத்தது.

ஆஸ்ட்ரோசைட்டுக்குள் சவ்வால் ஆன எண்டோபிளாச வலை என்ற உறுப்பு இருக்கிறது; அது ஒரு கண்மாய். அதில் கால்சியம் தேங்கியிருக்கிறது. வெளியே செல்சாற்றில் அமைதி நிலையில் ஏறக்குறைய 100 நானோமோலார்தான். செல்லுக்கு வெளியே உள்ள திரவத்தில் இருப்பது அதைப்போல் சுமார் 10,000 மடங்கு. இவ்வளவு ஏற்றத்தாழ்வு இருப்பதால்தான் சிறிது திறந்தாலே பெரிய செய்தியாகிறது. நரம்புச்செல் குளுட்டமேட்டை வெளியிட்டால், அல்லது பக்கத்துச் செல் ஏ.டி.பி.யை வெளியிட்டால், ஆஸ்ட்ரோசைட்டின் மேற்பரப்பில் உள்ள ஏற்பி அதைப் பிடிக்கிறது. ஜி புரதம் விழிக்கிறது. பாஸ்போலைப்பேஸ் சி என்ற நொதி சவ்விலுள்ள ஒரு கொழுப்பை வெட்டி ஐ.பி.3 என்ற சிறு மூலக்கூறை உண்டாக்குகிறது. அந்த ஐ.பி.3 போய் மடையைத் திறக்கிறது. மடை என்பது ஐ.பி.3 ஏற்பி. வெளியே வந்த கால்சியமே பக்கத்து மடைகளையும் திறக்கத் தூண்டும், ஆனால் அளவு மீறினால் அதே கால்சியம் மடையை மூடிவிடும். இந்த இரட்டைக் குணத்தை விட்டுவிடாதீர்கள். கால்சியம் ஏன் ஏறி இறங்கித் துடிக்கிறது என்பதை இதை வைத்துத்தான் விளக்க முடியும்.

பிறகு செர்க்கா என்னும் பம்பு, ஏ.டி.பி.யைச் செலவழித்துக் கால்சியத்தை மீண்டும் கண்மாய்க்குள் ஏற்றுகிறது. கண்மாய் வற்றினால் ஸ்டிம் என்ற புரதம் அதை உணர்ந்து, வெளிச்சவ்வில் உள்ள ஒராய் என்ற வழியைத் திறந்து, வெளியிலிருந்து கால்சியத்தை வரவழைக்கிறது. தாப்சிகார்ஜின் அடைப்பது செர்க்காவைத்தான். கசிவது கசிந்துகொண்டே இருக்கும், திரும்ப ஏற்ற ஆளில்லை, கண்மாய் காலியாகிவிடும். வெளியேயும் கால்சியம் இல்லை. ஏ.டி.பி. கொடுத்தால் மடை திறக்கும், பாய்வதற்கு எதுவும் இருக்காது. கால்சியம் உயராது. இவ்வளவுதான் விடை.

அடுத்தது அலை. 1990-இல் வெளியான ஆய்வு, வளர்ப்பில் இருந்த ஆஸ்ட்ரோசைட்டுகளுக்குக் குளுட்டமேட் கொடுத்தபோது கால்சிய உயர்வு செல்லிலிருந்து செல்லுக்கு அலையாகப் பரவுவதைக் காட்டியது. வெறும் ஒட்டுப்பசை என்று எண்ணப்பட்ட செல்கள் இவை. ஆஸ்ட்ரோசைட் போன்ற துணைச்செல்களுக்குப் பொதுவான கிளையா என்ற பெயருக்கே பசை என்றுதான் பொருள். எனக்கு உடனே தோன்றியது எங்கள் பக்கத்துக் கண்மாய்ச் சங்கிலி: மேல் கண்மாய் நிறைந்து மறுகால் பாய்ந்தால் அடுத்த கண்மாய்க்குத் தண்ணீர் போகும், அதன் பின் அதற்கடுத்தது. மகிழ்ச்சியாக இதைத் தங்கையிடம் விளக்கினேன். அவள் கலைப்பிரிவு மாணவி. கேட்டுவிட்டு, "அப்படியானால் கடைசிச் செல் வரைக்கும் போவது முதல் செல்லின் கால்சியம்தானா அண்ணா?" என்றாள்.

இல்லை. அந்த ஒரு கேள்வி எனக்குப் பல வாரப் படிப்புக்குச் சமம். கண்மாய்ச் சங்கிலியில் தண்ணீரே பயணிக்கிறது. ஆஸ்ட்ரோசைட் வலையில் முக்கியமாகப் பயணிப்பது செய்தி. கனெக்சின் 43 போன்ற புரதங்களால் ஆன இடைவெளிச் சந்திப்புகள் (அடுத்தடுத்த செல்களை நேராக இணைக்கும் நுண்துளைகள்) வழியே ஐ.பி.3 பக்கத்துச் செல்லுக்குள் நுழையலாம். அல்லது ஏ.டி.பி. வெளியே கசிந்து பக்கத்துச் செல்லின் ஏற்பியைத் தட்டலாம். எப்படியானாலும் ஒவ்வொரு செல்லும் தன் கண்மாயைத்தான் திறக்கிறது. 1996-இல் ஓர் ஆய்வுக்குழு தட்டில் செல்களே இல்லாத ஒரு கோட்டை ஏற்படுத்திப் பார்த்தது. அலை அந்த இடைவெளியைத் தாண்டி மறுகரையில் தொடர்ந்தது. செல்கள் தொட்டுக்கொள்ளாமலே செய்தி போகிறது என்றால் வெளியே ஒரு தூதுவன் இருந்தே ஆக வேண்டும். "கால்சியம் அயனி செல்லுக்குச் செல் பரவுவதே அலை" என்று விடைத்தேர்வில் கொடுத்தால் நான் முன்பு அதைத்தான் குறித்திருப்பேன்.

ஆகவே உவமை வைத்துப் படியுங்கள், ஆனால் அது உடையும் இடம் எது என்று அன்றே தேடுங்கள். உங்கள் பாடம் தெரியாத, ஆனால் உவமையின் பக்கம் நன்கு தெரிந்த ஒருவரிடம் சொல்லிப் பாருங்கள். விவசாயம் பார்க்கும் அப்பாவாக இருந்தாலும் சரி.

அதன் பிறகு என் நோட்டை மாற்றினேன். இடப்பக்கத்தில் பாதை, வலப்பக்கத்தில் ஒவ்வொரு படியையும் அடைக்கும் பொருளும் அதன் விளைவும். கால்சியத்தைப் பிடித்து வைக்கும் பாப்டா, இடைவெளிச் சந்திப்பை அடைக்கும் கார்பினாக்சலோன், வெளியே உள்ள ஏ.டி.பி.யைச் சிதைக்கும் அப்பிரேஸ். அலை அப்பிரேஸில் நின்றால் தூதுவன் வெளியே. கார்பினாக்சலோனில் நின்றால் பெரும்பாலும் சந்திப்பு வழி. "பெரும்பாலும்" என்று எழுதக் காரணம், அந்த மருந்து வேறு சிலவற்றையும் தொடும் என்பதுதான். பெயர்களை ஆங்கிலத்தில் எழுதிப் பழகுங்கள், தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான் வரும். காரணத்தை மட்டும் உங்கள் மொழியில் சொல்லிப் பாருங்கள். தமிழில் சொல்ல வராத படி எனக்குப் புரியாத படியாகவே இருந்தது.

ஆய்வுப் படிப்புக்கு நேர்முகத் தேர்வு போகிறவர்கள் இதையும் படித்துக்கொள்ளுங்கள். ஆஸ்ட்ரோசைட்டின் முக்கிய மடையான ஐ.பி.3 ஏற்பி வகை 2-ஐ நீக்கிய எலிகளில், நரம்பிணைப்புகளின் நெகிழ்வு (அவை வலுப்பெறும் அல்லது வலுவிழக்கும் திறன்) மாறவில்லை என்று 2010-இல் ஓர் ஆய்வு சொன்னது. அப்படியானால் இந்தக் கால்சியத்துக்கு வேலையே இல்லையா என்று பெரிய விவாதம் எழுந்தது. 2015-இல் வந்த மற்றோர் ஆய்வு, அதே வகை எலிகளில் செல்லுடலில் உயர்வு மிகக் குறைந்திருந்தாலும், நுண்கிளைகளில் கால்சியத் துடிப்புகள் கணிசமாக மிச்சமிருப்பதைக் காட்டியது. அதில் ஒரு பங்கு வெளியிலிருந்து சவ்வு வழியே வருவது.

என் நேர்முகத் தேர்வில் இதைத்தான் கேட்டார்கள். நான் பலகையில் செல்லுடலை ஒரு பெரிய கண்மாயாக வரைந்து, நுண்கிளைகளுக்கு வெளியிலிருந்து வரும் தனி வாய்க்கால்களை வரைந்தேன். குழுவில் இருந்த பேராசிரியை, "மேல் மடையை மட்டும் மூடிவிட்டு வயல் காய்ந்துவிட்டதென்று முடிவு செய்தோம், அப்படித்தானே?" என்று கேட்டார். "ஆம் மேடம், வாய்க்காலையும் மூடிப் பார்த்த சோதனை வேண்டும்" என்றேன். அந்தச் சோதனையை எப்படி அமைப்பாய் என்பது அவருடைய அடுத்த கேள்வி.